ஓடுகிற காருக்கு இடமில்லை

“உங்கள் கார் கடைசியாக ஓடியது எந்த ஆண்டு?” என்று விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. “இன்று காலை ஏழே கால் மணிக்கு, பேக்கரியில் பாண் வாங்க” என்று உண்மையை எழுதினேன். என்னுடைய கஷ்டகாலம் அந்த வரியில்தான் தொடங்கியது.

படிவம் பொன்னலைத் தொலைக்காட்சியின் ‘துருவும் தங்கமாகும்’ நிகழ்ச்சிக்கானது. கைவிடப்பட்ட பழைய கார்களைக் கண்டெடுத்து, ஏழே நாளில் புதிதாக்கி, சொந்தக்காரரை அழவைத்துக் கையில் கொடுப்பார்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, கிருலப்பனைப் பக்கங்களில் பழங்கார்ப் பைத்தியங்கள் நாங்கள் பதினொரு பேர் இருக்கிறோம். பதினொரு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தவறாமல் பார்ப்போம். பார்த்துவிட்டு வட்சப்பில் தவறாமல் திட்டுவோம்.

திட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒரு மணித்தியால நிகழ்ச்சியில் இருபது நிமிடம் விளம்பரம். விளம்பரத்துக்கு முன் காட்டியதை விளம்பரத்துக்குப் பின் மறுபடி காட்டுவதற்குப் பத்து நிமிடம். மிச்சத்தில் பாதி சண்டை, பாதி கண்ணீர். காரைத் திருத்துவது எங்கே என்று கேட்டால், வெல்டிங் பொறி நாலு பறக்கும், மேளம் அடிக்கும், கார் மினுங்கிக்கொண்டு நிற்கும். எந்த நட்டு இறுகிக் கிடந்தது, அதை எப்படிக் கழற்றினார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் நாங்கள் பதினொரு பேரும் கண்ணை வெட்டாமல் இருந்தோம். ஆறு வருடத்தில் ஒரு நட்டையும் காட்டவில்லை.

எங்கள் குழுவின் அட்மின் செபஸ்தியன், கொட்டாஞ்சேனையில் ஒஸ்டின் கார் வைத்திருப்பவன், நிலையத்துக்குக் கடிதம்கூட எழுதினான். ஒரே ஒருதடவை, ஐந்து நிமிடம், பிரேக் திருத்துவதைக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தான். மூன்று மாதம் கழித்துத் தொகுப்பாளர் ஜனாவின் கையெழுத்திட்ட படம் தபாலில் வந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்கு நான் ஏன் விண்ணப்பித்தேன் என்று கேட்பீர்கள். என் மனைவி பாலேஸ்வரிக்காகத்தான்.

பாலேஸுக்கு இடது முழங்கால் மடியாது. சத்திரசிகிச்சை செய்தும் பாதிதான் மடிகிறது. ஓட்டோவுக்குள் அந்தக் கால் அடங்காது. வான் என்றால் படி உயரம். போன் அப்பில் கூப்பிடுகிற சின்ன வாடகைக் கார்களில் இருக்கை நிலத்தோடு கிடக்கும். ஒருமுறை அதில் ஏறி இறங்கிவிட்டு இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். என்னுடைய ஐம்பத்தேழாம் ஆண்டு மொரிஸ் மைனருக்கு இரண்டே கதவுதான், இரண்டும் அகலம். அவளுடைய பக்கத்து இருக்கையைக் கழற்றி, அடியில் இரண்டு பலாக்கட்டை கொடுத்து உயர்த்தி, நன்றாகப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டியிருந்தேன். அவளை இருக்க வைத்துப் பார்த்துப் பார்த்து அந்தக் கட்டைகளை நாலு தரம் சீவினேன். அதில் அவள் காலை நீட்டிக்கொண்டு நோவில்லாமல் இருப்பாள்.

வெள்ளிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைக்குப் போய் அவளுடைய அக்கா தையல்நாயகியைப் பார்த்துவிட்டு வருவோம். அக்கா விழுந்தெழும்பினதிலிருந்து வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. காதும் மந்தம். தொலைபேசியில் கதைத்துப் பிரயோசனமில்லை. பக்கத்தில் இருந்து வலது காதுக்குள் சொல்ல வேண்டும்.

அப்படியிருக்கையில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்துபோனது. மிதியை ஒருதரம் மிதித்தால் அது தரைவரைக்கும் போகும், காரும் போய்க்கொண்டிருக்கும். இரண்டாம் தரம் மிதித்தால்தான் நிற்கும். எனக்கு அது பழகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலி வீதியில், மஞ்சள் கோட்டுக் கடவையில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கடக்கும்போது நான் இரண்டாம் தரம் மிதித்தேன். கார் நின்ற இடத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்தது.

வீட்டு வாசலில் இறங்கினதும் பாலேஸ் சொன்னாள்.

“இஞ்சாருங்கோ, இது ஒரே மிதியில நிக்கிற நாளைக்குச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் நான் ஏறமாட்டன்.”

அவள் சொன்னது சரி. அதற்குப் பிறகு நானும் பாண் வாங்குகிற தூரத்துக்கு மேல் ஓட்டவில்லை. பஞ்சிகாவத்தையில் நான் ஏறாத உதிரிப்பாகக் கடையில்லை. கிடைத்ததெல்லாம் என்னுடையதைவிடத் தேய்ந்தது. புதுசு இங்கிலாந்திலிருந்து வந்தால்தான் உண்டு என்றார்கள். அந்த வாரம்தான் ஜனா திரையில் தோன்றி, தெரிவாகும் கார்களுக்கு அசல் பாகங்களை இங்கிலாந்திலிருந்தே தருவிப்போம் என்றான். அவமானத்தை விழுங்கிக்கொண்டு படிவத்தை நிரப்பினேன். குழுவுக்குச் சொல்லவில்லை.

காரைப் பார்க்க வருகிறோம் என்று அறிவித்தார்கள். பழங்கார்க்காரன் எவனும் செய்யக்கூடிய பிழையை நானும் செய்தேன். மூன்று நாள் இருந்து காரைத் துடைத்து, மெழுகு போட்டு, எஞ்சினை டியூன் பண்ணி வைத்தேன்.

தயாரிப்பு நிறைவேற்றாளர் தாரிகா வந்தாள். இருபத்தேழு வயது இருக்கும், கையில் இரண்டு போன். காரைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். நான் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணிக் காட்டினேன். அவளுடைய முகம் வாடிவிட்டது.

“அங்கிள், இது ஓடுதே.”

“ஓம் பிள்ளை, நல்லா ஓடும். நிக்கிறதுதான் கஷ்டம்.”

“அது விஷுவலா வராது அங்கிள். எங்கட கொன்செப்ட் என்னெண்டா, செத்துப்போன காரை எழுப்பிறது. இது உயிரோட இருக்கு. முதல்ல இதைக் கொஞ்சம் சாகடிக்கோணும்.”

பிறகு கதை கேட்டாள். எல்லாக் காருக்கும் பின்னால் ஒரு கதை இருக்க வேண்டுமாம்.

“ஹெவ்லொக் டவுனில ஒரு பல் டொக்டரிட்ட வாங்கினது. பேப்பரில விளம்பரம் போட்டிருந்தவர்” என்றேன்.

“அது கதை இல்லையே. அப்பான்ர கார் எண்டு வைப்பமா? அப்பா எப்ப காலமானவர்?”

“காலமாகேல்ல. கனடாவில இருக்கிறார். தொண்ணூற்றொண்டு.”

தாரிகா அதையும் குறித்துக்கொண்டாள். குறித்துக்கொண்டாளே தவிர, அதை வெட்டினாளா விட்டாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

“எனக்கு மாஸ்டர் சிலிண்டர் மாத்திரம் போதும் பிள்ளை. வேற ஒண்டிலயும் கை வைக்கத் தேவையில்லை” என்றேன்.

“நிச்சயமா அங்கிள்” என்றாள். அவள் எதற்கும் நிச்சயமா என்றுதான் சொல்வாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் நுகேகொடைக்கு அப்பால் ஒரு வெறும் வளவுக்குக் காரைக் கொண்டுவரச் சொன்னார்கள். நானே ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒப்பனைக்காரர் ஒருவர் என்னுடைய கதவுகளுக்குத் துருப் பூசினார். தேயிலைச் சாயம், செங்கல் தூள், கோந்து. மனுசன் கெட்டிக்காரர்; நாற்பது வருடத் துருவை நாற்பது நிமிடத்தில் கொண்டுவந்தார். கொடி படர விட்டார்கள். வாடகைக்கு ஆறு கோழி வந்தது. பின் இருக்கையில் கோழிகளை விட்டு, அவை சாவகாசமாக அசிங்கப்படுத்தும்வரை கமரா காத்திருந்தது. நான் ஒரு பலா மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

ஜனா கொடியை விலக்கிக்கொண்டு நடந்தான்.

“நேயர்களே, இருபத்தேழு ஆண்டுகள்... இந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகராத ஓர் ஊமைக் கண்ணீர் இது” என்றான்.

வளவின் ஈர மண்ணில் என்னுடைய டயர்த் தடம் வாசல் கேட்டிலிருந்து கார் வரைக்கும் தெளிவாகக் கிடந்தது. அதை நான் சுட்டிக் காட்டினேன். தாரிகா ஒருவரைக் கூப்பிட்டு விளக்குமாற்றால் கூட்டச் சொன்னாள். கண்டெடுத்து முடிந்ததும் நானே காரைப் பட்டறைக்கு ஓட்டிக் கொடுத்தேன், கோழிகளை இறக்கிவிட்டு.

பட்டறை என்பது நிலையத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை. கறுப்பு டீசேர்ட் போட்ட ஏழு இளைஞர்கள், கையெல்லாம் தசை. ஒரு ஜிம்மிலிருந்து தெரிவுசெய்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் ஸ்பனரைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பதில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தான். வேலையைச் செய்தது பழனிமுத்து. பண்டாரவளைப் பக்கத்து மனிதர், கிருலப்பனையில் சின்னதாகக் கராஜ் வைத்திருக்கிறார். கமரா சுழலும்போது அவர் ஒதுங்கி ஒரு டிரம்முக்குப் பின்னால் குந்த வேண்டும் என்பது ஒப்பந்தம். கமரா நின்றால் வந்து வேலை செய்வார். கமரா அதிகம் நிற்காததால் அதிகம் குந்தினார்.

சுவரில் ‘நாள் 1’ என்று ஒரு பலகை தொங்கியது. ஏழு நாளில் முடிய வேண்டும் என்பதுதான் நிகழ்ச்சியின் உயிர்நாடி. ‘நாள் 2’ பதினாறு நாள் நீடித்தது. ‘நாள் 3’ இல் வெசாக் பண்டிகை வந்து போனது. நிறம் பற்றிய சண்டை ‘நாள் 4’ இல் நடந்தது; சிவப்பா நீலமா என்று இரண்டு இளைஞர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். நாலு கோணத்தில் எடுக்க வேண்டியிருந்ததால் நாலு சட்டை. சிவப்பு என்று பிரதான அனுசரணையாளரான பெயிண்ட் கம்பனி போன வருடமே தீர்மானித்திருந்தது.

‘நாள் 5’ இல் பெட்டி வந்தது. இங்கிலாந்துப் பெட்டி. ஜனா அதைக் கத்தியால் கீறித் திறந்து, எண்ணெய்க் கடதாசியை விலக்கினான். உள்ளே என் மாஸ்டர் சிலிண்டர். புத்தம் புதுசு. ஏழு இளைஞர்களும் கைதட்டினார்கள். ஜனா அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான், தலைகீழாக. பிறகு பெட்டிக்குள் வைத்து மூடி, ஒரு ரிப்பன் கட்டி, அலுமாரியில் வைத்தார்கள்.

“இதை எப்ப பூட்டுவினம் பிள்ளை?” என்று தாரிகாவிடம் கேட்டேன்.

“அதைத்தான் காட்டியாச்சே அங்கிள்.”

“காட்டினது சரி. பூட்டுறது?”

“அது காருக்குக் கீழ பூட்டுறதாமே. கீழ லைட்டிங் வராது. ஒடியன்ஸுக்குக் கீழ இருக்கிறது தேவையில்லை.”

டிரம்முக்குப் பின்னாலிருந்து பழனிமுத்து மெதுவாகச் சொன்னார். “நமக்கு மூணு மணி நேரம் குடுத்தாப் போதுங்க ஐயா. டோர்ஷன் பார்னு ஒரு கம்பி இருக்கு, அதைக் கழட்டணும், அது தடுத்துக்கிட்டு நிக்கும். வேற ஒண்ணுமில்ல.”

“கமரா, சவுண்ட்” என்று யாரோ கத்த, அவர் மறுபடி குந்தினார்.

வீட்டுக்கு வந்து பாலேஸிடம் சிலிண்டர் வந்துவிட்டது என்றேன். பூட்டியாச்சோ என்று கேட்டாள். காட்டியாச்சு என்றேன். அவள் வெங்காயம் உரித்தாள். அக்காவைக் கண்டு அப்போது ஆறு மாதம். அக்காவின் மகள் போனை அக்காவின் காதில் வைப்பாள். பாலேஸ் தொண்டை கிழியக் கத்துவாள். மறுமுனையில் அக்கா “ஆர் இது, ஆர் இது” என்று கேட்டுக்கொண்டே இருப்பா. போனை வைத்த பிறகு பாலேஸ் தொண்டையைத் தடவிக்கொண்டு சுடுதண்ணி குடிப்பாள். எனக்கு அந்த நேரங்களில் வீட்டுக்குள் இருக்கவே வெட்கமாக இருக்கும்.

பத்தொன்பதாம் வாரம், ‘நாள் 7’ வந்தது. கார் கையளிக்கும் விழா ஒரு மைதானத்தில். வெள்ளை நுரைப் பலகையான ரெஜிபோமில் வெட்டிப் பொன் நிறம் அடித்த பெரிய வளைவு, அதற்குப் பின்னால் மேடை, மேடையில் நிலையத் தலைவர், மேடைக்குக் கீழே கேக்கும் தட்டங்களும் அடுக்கிய மேசை. ஜனா காரை ஓட்டி வந்து, தேசிக்காய் நசுக்கி, வளைவுக்கு முன்னால் போட்ட மஞ்சள் அடையாளத்தில் நிறுத்த வேண்டும். அங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு நான் நிற்க வேண்டும்.

காலையிலிருந்து ஒத்திகை. ஐயர் நாலு டயருக்கும் தேசிக்காய் வைத்தார். ஜனா ஏறி இருந்து, கியரைப் பார்த்து, இது என்ன என்று கேட்டான். அவன் வாழ்நாளில் ஓட்டோமட்டிக் தவிர வேறு ஓட்டியதில்லை. கிளச்சை விட்டவுடனே எஞ்சின் நின்றது. ஒவ்வொரு தரமும் ஐயர் புதிதாக நாலு தேசிக்காய் வைத்து, புதிதாகக் கற்பூரம் காட்டினார். ஒன்பதாம் தரம் மந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, “தம்பி, சுவாமிக்கு விளங்கியிருக்கும்” என்றார்.

நான் தாரிகாவிடம் மூன்று தரம் சொன்னேன், பிரேக்கை இரண்டு தரம் மிதிக்க வேண்டும் என்று. நிச்சயமா என்றாள். நம்பாமல் ஒரு துண்டில் ‘இரண்டு தரம் மிதிக்கவும்’ என்று பெரிதாக எழுதி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒட்டினேன். படச்சட்டத்துக்குள் கடதாசி தெரிகிறது என்று கலை இயக்குநர் அதைக் கிழித்துவிட்டார்.

கண்ணைக் கட்டினார்கள். கண்ணீர் வரவைக்கக் கண்ணுக்குக் கீழே ஏதோ தைலம் பூச வந்த கையைத் தட்டிவிட்டேன். எஞ்சின் சத்தம் கேட்டது. என்னுடைய எஞ்சின்தான், பதினொரு வருடம் கேட்ட சத்தம். இந்தத் தரம் எஞ்சின் நிற்கவில்லை. தேசிக்காய் நசிந்தது. சத்தம் கிட்ட வந்தது. மிதி தரையில் போய் ‘தொம்’ என்று முட்டியது கேட்டது.

“இன்னொருக்கா மிதியும். தம்பி, இன்னொருக்கா மிதியும்” என்று கண் கட்டியபடியே கத்தினேன்.

ஒரு காற்று என்னை உரசிக்கொண்டு போனது. பிறகு ரெஜிபோம் நொறுங்குகிற சத்தம், சில்வர் தட்டங்கள் விழுகிற சத்தம், கடைசியாக ஒரு கேக் விழுந்தால் எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்த ஒரு சத்தம். ஒருவருக்கும் காயமில்லை. கடவுள் காப்பாற்றினார் என்று நான் சொல்ல முதல் ஒரு குரல், “எடுத்தாச்சா? மூண்டு கமராவிலயும் இருக்கா?” என்று கேட்டது.

கண்கட்டை நானே அவிழ்த்தேன். கார் வளைவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேடையில் முட்டியபடி நின்றது. சிவப்பு. பக்கவாட்டில் தங்கக் கோடுகள். கதவில் பெயிண்ட் கம்பனியின் பெயர். நான் ஓடிப்போய் இடது கதவைத் திறந்தேன். உள்ளே பந்தயக் கார்களுக்குப் போடுகிற மாதிரி இரண்டு புது இருக்கைகள், நிலத்தோடு நிலமாக, குழியாக. பாலேஸின் இருக்கை இல்லை. நாலு தரம் சீவின கட்டைகள் இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சும்மா கண் கலங்கவில்லை. விம்மி விம்மி அழுதேன். தைலம் பூச வந்தவர் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள். தாரிகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், அவ்வளவு சந்தோஷம்.

தலைவர் தலைமயிரில் ரெஜிபோம் மணிகளுடன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“அன்பர்களே, இந்த நாட்டில் கார் திருத்துவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆனால் அதைப் பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் இருந்தது. நாங்கள் பார்ப்பதற்கு இலட்சம் பேரைக் கொண்டுவந்தோம். இனித் திருத்துவது என்ற சின்ன வேலை மட்டும்தான் பாக்கி. இதுவரை நாற்பத்திரண்டு கார்களுக்கு உயிர் கொடுத்திருக்கிறோம். அந்த நாற்பத்திரண்டில் முப்பத்தெட்டு, எங்கள் மேலுள்ள பாசத்தால், இன்றுவரை எங்கள் வளவை விட்டு அசையவே இல்லை.”

கைதட்டல். தலைவர் கையைக் காட்டி அடக்கினார்.

“சிலர் கடிதம் எழுதுகிறார்கள், பிரேக்கைக் காட்டுங்கள் என்று. பிரேக் எதற்கு? நிற்பதற்கு. பொன்னலை நிற்பதற்காகப் பிறந்த நிலையம் அல்ல.”

அவருக்குக் கீழே கேக்கின் மேல் என்னுடைய முன் பம்பர் கிடந்தது.

பம்பரைப் பூட்டி, லொறியில் ஏற்றிக் காரை வீட்டுக்கு அனுப்பினார்கள். பாலேஸ் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சிவப்பைப் பார்த்தாள், தங்கக் கோட்டைப் பார்த்தாள், கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள். முதுகைத் திருப்பி ஒருதரம் இருக்கப் பார்த்தாள். பாதி வழியில் முகம் சுருங்கியது. நான் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

“பிரேக்?” என்றாள்.

“அப்பிடியேதான்.”

“ஏழு மாசமா உங்கள ஒண்டும் கேக்கேல்ல நான்” என்றாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருக்கலாம். நான் அன்று பின்னேரம் முழுக்கக் கார் பக்கம் போகவில்லை.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. குழுவுக்கு மறைத்ததெல்லாம் வெளியே வந்தது. கார் வளைவை உடைத்த இடத்தை, வெற்றி மாலையைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது என்று இசையோடு ஆறு தரம் காட்டினார்கள். நான் அழுததை ஒன்பது தரம். அடுத்த நாள் கனடாவிலிருந்து அப்பா போன் எடுத்தார்.

“தம்பி, நான் செத்துப்போனனெண்டு டிவியில சொல்லுகினம்.”

“அது அவை சும்மா சொன்னது, அப்பா.”

“நீ அழுறதப் பார்த்தா எனக்கே ஒருக்கா சந்தேகமாத்தான் கிடந்தது” என்றார்.

செபஸ்தியன் மட்டும் குழுவில் திட்டவில்லை. “சிவபாதம், சிலிண்டர் எங்க?” என்று ஒரே ஒரு வரி போட்டான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போய் டிக்கியைத் திறந்தேன். உள்ளே பெட்டி, ரிப்பனோடு, மேலே ‘அன்புடன் பொன்னலை’ என்று ஓர் அட்டை. எண்ணெய்க் கடதாசிக்குள் சிலிண்டர் அப்படியே இருந்தது. பழனிமுத்துவுக்குப் போன் எடுத்தேன்.

போயா விடுமுறை நாளன்று அவர் வந்தார், ஒரு ஓட்டோவில். ஓட்டோவின் பின்பக்கத்தில் என்னுடைய பழைய இரண்டு இருக்கைகளும் இருந்தன.

“குப்பையில போடச் சொன்னாங்க ஐயா. இந்த ஒண்ணுக்கு அடியில கட்டை வச்சிருந்தீங்கல்ல. பார்த்தா யாருக்கோ அளவெடுத்து வச்ச மாதிரி இருந்துச்சி. போட மனசு வரல. கராஜுல வச்சி மத்தியானச் சோறு அதுலதான் சாப்பிடுவேன்” என்றார்.

கட்டைகளைத் தடவிப் பார்த்தேன். கொஞ்சம் பருப்புக் கறி பட்டிருந்தது.

எப்படித் தெரிந்ததோ, ஒன்பது மணிக்குள் குழுவின் மற்றப் பத்துப் பேரும் எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் வந்துவிட்டார்கள். பக்கத்துக் கல்யாண மண்டபத்திலிருந்து பிளாஸ்டிக் கதிரை வந்தது. அப்ஹாம், வுல்ஸ்லி கார் வைத்திருப்பவர், இருமுவதற்குக்கூடத் தள்ளிப் போனார். பழனிமுத்து ஜாக் வைத்தார், காருக்குக் கீழே புகுந்தார். வெளியே இரண்டு செருப்புத்தான் தெரிந்தது. பதினொரு பேரும் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு நட்டு இறுகிக் கிடந்தது. அதற்கு எண்ணெய் விட்டு, இருபது நிமிடம் தேத்தண்ணி குடித்து, பிறகு திருப்பினார். அது “கிர்” என்று விட்டுக்கொடுத்தபோது செபஸ்தியன் கண்ணை மூடிக்கொண்டான்.

“ஆறு வருசம் பார்த்துக்கொண்டிருந்தம் மச்சான், இதுக்கு” என்றான்.

டோர்ஷன் பார் இறங்கியது. பழைய சிலிண்டர் வந்தது, புதியது ஏறியது. பிரேக் குழாயிலிருந்து காற்றெடுக்கும்போது நான் மிதியை மிதித்துக்கொண்டிருந்தேன். பழனிமுத்து கீழிருந்து “மிதிங்க, பிடிங்க, விடுங்க” என்றார். பெரியவர்கள் பத்துப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். மூன்று மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. ஒருவரும் படம் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவேயில்லை.

இருக்கைகளைப் பூட்டி முடிய, பாலேஸ் குசினியிலிருந்து வந்தாள். கையில் ஒரு தேசிக்காய். தடியூன்றி ஒழுங்கையின் நடுப்பகுதிவரை நடந்து போய், மெல்லக் குனிந்து அதை நிலத்தில் வைத்தாள். பிறகு ஓரமாகப் போய் நின்றாள்.

“அந்தத் தொங்கலில இருந்து வாங்கோ. இதுக்கு முன்னால நிக்கோணும். ஒருக்காத்தான் மிதிக்கலாம்.”

“எல்லாரும் தேசிக்காயை நசுக்கிறவையப்பா. நீர் ஏன் நசுக்க வேண்டாமெண்டுறீர்?” என்றேன்.

“அவை நசுக்கினதத்தான் டிவியில பார்த்தனே” என்றாள்.

ஒழுங்கையின் கடைசித் தொங்கல்வரை காரைப் பின்னுக்கு எடுத்தேன். குழுவின் பத்துப் பேரும் மதிலோடு ஒட்டிக்கொண்டார்கள். பழனிமுத்து மட்டும் நடுவில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாம் கியரில் வந்தேன். பழக்கதோஷத்தில் என் கால் இரண்டாம் தரத்துக்குத் துடித்தது, அடக்கிக்கொண்டேன். ஒருதரம் மிதித்தேன்.

கார் நின்றது.

பாலேஸ் வந்து முன் டயரடியில் குனிந்து பார்த்தாள். தேசிக்காயை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்தாள். “பத்து நிமிசம் நில்லுங்கோ, சேலை மாத்திக்கொண்டு வாறன்” என்றாள்.

காலி வீதியில் போயா நாள் என்பதால் நெரிசல் இல்லை. பாலேஸ் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். மடியில் அக்காவுக்கு மோதகம், அதன்மேல் அந்தத் தேசிக்காய். கதவில் பெயிண்ட் கம்பனியின் பெயரை ஒரு வருடத்துக்கு அழிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தபடியால் பஸ்சில் போனவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கொள்ளுப்பிட்டி தாண்டும்போது என்னுடைய போன் அடித்தது. நான் ஓட்டுவதால் பாலேஸ் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஹலோ அங்கிள், தாரிகா. அடுத்த சீசனுக்கு ஒரு ஸ்பெஷல் செய்யிறம். கைவிடப்பட்ட தங்கங்கள் எண்டு. நாங்க குடுத்த கார் இப்ப எந்த நிலையில இருக்கெண்டு பார்க்கிறது. உங்கட கார் எங்க நிக்குது, வெயில்லயோ? துரு கிரு வந்திட்டுதோ?”

“நிக்கேல்ல பிள்ளை” என்றாள் பாலேஸ். “ஓடிக்கொண்டிருக்கு. நான் உள்ள இருக்கிறன்.”

மறுமுனையில் ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“ஓடுதெண்டா எங்களுக்குச் சரிவராது, ஆன்ட்டி.”

முன்னால் ஒரு பஸ் சைகை காட்டாமல் குறுக்கே வெட்டியது. நான் மிதித்தேன், ஒருதரம். கார் நின்றது. தேசிக்காய் மடியிலிருந்து உருளப் பார்த்தது. பாலேஸ் அதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

“எங்களுக்குச் சரிவரும்” என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, அக்காவின் வலது காதுக்குள் முதலில் எதைச் சொல்வது என்று என்னைக் கேட்டாள்.